மழைமானிக்குப் பக்கத்தில் ஒரு பால்மா ரின்

'கெட்டிக்காரப் பிள்ளை' என்று ஊரில் பெயர் எடுத்தவர்களிடமிருந்து கொஞ்சம் எட்ட நிற்பது நல்லது. சாதாரணப் பிள்ளை ஒரு பிழை விட்டால் ஒரு கோப்பை உடையும், அல்லது ஒரு பாடத்தில் புள்ளி குறையும். கெட்டிக்காரப் பிள்ளை பிழை விட்டால் அதற்கு ஒரு திட்டம் இருக்கும், வரைபடம் இருக்கும், அடிக்குறிப்பு இருக்கும். நான் அந்தப் பெயரை எடுத்தவள். பெயர் எடுத்ததோடு சும்மா இருந்திருந்தால் திருகோணமலையில் ஒரு நல்ல மனிதரின் பத்து வருட உழைப்பு ஒரு காலையில் பாழாகியிருக்காது. சிரிப்பு வரும் இடங்களில் தாராளமாகச் சிரியுங்கள். நானும் சிரிக்கிறவள்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் சிரித்து ஓய்ந்தபிறகு எனக்கு மனம் கனத்துப் போகிறது.

எல்லாம் நோர்வேயிலிருந்து வந்த சுகந்தன் மச்சானோடு தொடங்கியது. சமாதானக் காலத்தில் ஒருமுறை ஊர் பார்க்க வந்தவர், கையடக்கமான கருவி ஒன்றைக் காட்டினார். பூமியில் நாம் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று அது வானத்தில் சுற்றும் செய்மதியைக் கேட்டுச் சொல்லுமாம். அங்கே ஆட்கள் காட்டுக்குள் ஒரு பெட்டியை ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் இணையத்தில் போடுவார்களாம். மற்றவர்கள் கருவியோடு தேடிப் போய்க் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் கொப்பியில் பெயரை எழுதிவிட்டு, ஒரு சின்னப் பொருளை எடுத்து இன்னொன்றை வைத்துவிட்டு, பெட்டியைத் திரும்ப அதே இடத்தில் வைப்பார்களாம். அதற்கு ஜியோகாசிங் என்று பெயராம்.

"இதில ஆர் வெல்லுறது?" என்று அம்மா கேட்டா.

"ஒருத்தரும் இல்லை மாமி."

"அப்ப என்னத்துக்குத் தேடுறது?"

மச்சான் கோப்பையைத் தூக்கி, தேநீர் நன்றாக இருக்கிறது என்றார்.

எனக்கோ அன்றிரவு நித்திரையே வரவில்லை. எங்கள் லிங்கநகர் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில்தான் நான் படித்த பல்கலைக்கழக வளாகம். துறைமுகத்தைப் பார்த்த ஒரு சிறு குன்று முழுக்கப் பாறையும் மரமும் விஞ்ஞானமுமாகக் கிடந்தது. பெட்டி ஒளிப்பதற்கென்றே கடவுள் செய்துவைத்த இடம் என்று எனக்குத் தோன்றியது. (கடவுள் அந்தக் குன்றைச் செய்த காலத்தில் பக்கத்தில் கடற்படை இருக்கவில்லை. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.)

நினைத்தவுடன் செய்திருந்தாலும் தப்பியிருப்பேன். ஆனால் நான் மூன்றாம் வருடம் வந்து, பௌதிகவியல் மாணவர் சங்கத்தில் ஒரு பதவியும் கிடைத்து, விஞ்ஞான வாரத்துக்குப் புதுமையாக ஏதாவது செய்யவேண்டும் என்ற வெறி பிடித்தபோது சமாதானம் முடிந்துவிட்டது. சந்திக்குச் சந்தி காவலரண் முளைத்திருந்தது. பஸ்ஸில் ஏற, இறங்க, வளாகத்துக்குள் நுழைய, எல்லாவற்றுக்கும் அடையாள அட்டை. 'அடையாளம் தெரியாத பொருள்களைத் தொடாதீர்கள், உடனே அறிவியுங்கள்' என்று மூன்று மொழியிலும் சுவரொட்டி. எங்கள் வாசலிலேயே அது ஒட்டியிருந்தது. ஊர் முழுக்கப் 'பெட்டியைக் கண்டால் ஓடு' என்று பாடமாக்கிக்கொண்டிருந்த நேரத்தில், நான் 'பெட்டியைத் தேடி ஓடு' என்று ஒரு போட்டி வைக்கத் தீர்மானித்தேன்.

புதுமுக மாணவர்கள் வளாகத்தின் இயற்கை, விஞ்ஞானச் சின்னங்களை அறிந்துகொள்ள வேண்டும் என்பது என் உயர்ந்த நோக்கம். ஏழு பெட்டி, ஏழு இடம். கணிதத் துறையினர் கட்டிய சூரியக் கடிகாரம் (கொஞ்சம் திரும்பி நின்றதால் எப்போதும் இருபது நிமிடம் பிந்தி ஓடும்), முந்நூறு வயது என்று எல்லோரும் சொல்லும் பாலை மரம், வெள்ளைப் படிகக் கற்பாறை, வௌவால் தொங்கும் புளிய மரம், மதிலோரப் புற்று, தண்ணீர்த் தாங்கியடியிலிருந்த நில அளவைக் கல். ஏழாவதும் மகுடமுமாக வானிலை அவதான நிலையம். நிலையம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கம்பி வேலி போட்ட ஒரு துண்டுப் புல்தரை. நடுவில் நாலு காலில் நிற்கும் வெள்ளைப் பலகைக் கூடு, அதற்குள் வெப்பமானிகள். வேலியோரமாக மழை அளக்கும் செப்பு மழைமானி.

செய்மதிக் கருவி என்னிடம் இல்லை. அந்த நாளில் அப்படி ஒன்றைக் கையில் வைத்திருந்தால் காவலரண் தாண்டமாட்டேன் என்கிற அளவுக்கு மூளை இருந்தது. அந்த அளவோடு மூளை முடிந்துவிட்டது. பாடசாலை அற்லஸை எடுத்து, அடிமட்டம் வைத்து அகலக்கோடும் நெடுங்கோடும் அளந்தேன். அற்லஸில் எங்கள் வளாகம், ஏன், திருகோணமலைப் பட்டினம் முழுவதுமே ஒரு பென்சில் முனைக்குள் அடங்கிவிட்டது. ஏழு இடத்துக்கும் ஒரே எண்தான் வந்தது. ஆனாலும் விஞ்ஞானத் தோற்றத்துக்காக ஏழு தாளிலும் பாகை, கலை என்று கோண அளவை எழுதி, கீழே 'மரத்திலிருந்து வடக்கே நாற்பது அடி வைக்கவும்' என்று உபயோகமான தகவலைச் சேர்த்தேன்.

பெட்டிகளுக்கு, பால்மா முடிந்த வெறும் தகர ரின்கள். மழைக்காலம் தொடங்கப்போகிறதே, தண்ணீர் போகக்கூடாது என்று ஆய்வுகூடத்தில் வயர் சுற்றும் கறுப்பு ரேப்பால் ரின் முழுவதையும் சுற்றினேன். மண்ணிலிருந்து இழுத்து எடுக்க வசதியாக ஒவ்வொன்றிலும் ஒரு முழம் செப்புக் கம்பியை முறுக்கி வெளியே நீட்டிவிட்டேன். இப்போது நீங்கள் அந்த ரின்னை ஒருமுறை மனக்கண்ணில் பாருங்கள். கறுப்பு ரேப் சுற்றிய உருளை. அதிலிருந்து நீளும் கம்பி. இருபத்துமூன்று வயதில் எனக்கு அது அழகாகத் தெரிந்தது. சத்தியமாக அழகாகத்தான் தெரிந்தது.

அனுமதி கேட்கவில்லை. கேட்டால் ஏலாது என்பார்கள். தோழிகளுக்கும் சொல்லவில்லை, சொன்னால் மர்மம் போய்விடும். ஒரு ஞாயிறு பின்னேரம் ஆளில்லாத நேரம் பார்த்து ஏழையும் ஒளித்துவிட்டு, துண்டுகளைப் போட்டியன்று கொடுக்கப் பையில் வைத்துக்கொண்டு, விஞ்ஞான பீட விளம்பரப் பலகையில், மேலே அதே பாகையும் கலையும் போட்டு, ஓர் அறிவித்தலைக் குத்தினேன். அதன் வாசகம் எனக்கு இன்றும் மனப்பாடம், பிறகு பலபேர் முன்னிலையில் பலமுறை வாசிக்கப்பட்டதால்.

'இந்த வளாகத்தில் ஏழு பெட்டிகள் ஒளிக்கப்பட்டுள்ளன. முடிந்தால் கண்டுபிடியுங்கள்! கடைசிப் பெட்டியைத் திறப்பவருக்குப் பெரிய ஆச்சரியம் காத்திருக்கிறது. இப்படிக்கு, பூதம்.'

புதையலைப் பூதம் காக்கும் என்பார்களே, அந்தப் பூதம். ஆச்சரியம் என்பது ஒரு பொட்டலம் எள்ளுருண்டை.

இனி மரியதாஸ் அண்ணையைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் துறையின் ஆய்வுகூட உதவியாளர், பாலையூற்றுக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி, கோபக்காரர், மற்றவர் கை தன் மேசையில் பட்டால் பொறுக்காதவர். வானிலை நிலையம் அவருடைய பொறுப்பு. தினமும் காலை எட்டரைக்கு மழையும் வெப்பமும் பார்த்து ஒரு தடித்த பதிவேட்டில் எழுதுவார். எட்டு இருபத்தொன்பதுக்கும் இல்லை, எட்டு முப்பத்தொன்றுக்கும் இல்லை. நாங்கள் அவரைப் பின்னால் 'எட்டரை' என்போம்.

ஒரு நாள்கூட விட்டதில்லை. ஊரடங்கு நாள்களில் ஆய்வுகூட வாங்கில் படுத்துக் கிடந்து எழுதியவர். கடல் ஊருக்குள் வந்த அன்று, அது வருவதற்கு அரைமணிக்கு முன் எழுதிய வரியும் அதில் இருக்கிறது, அடுத்த நாள் வரியும் இருக்கிறது. தேவாலயத்தில் மகளின் முதல்நன்மைப் பூசையில் பாதியில் எழும்பிச் சைக்கிளில் வந்து மழைமானியைப் பார்த்துவிட்டுப் போனதில் மனைவி ஒரு மாதம் கதைக்கவில்லையாம். இத்தனைக்கும் அன்று மழை பூச்சியம். அந்த வருடம் மார்கழியில் பத்து வருடம் முடிகிறது. இடைவெளி இல்லாத பத்து வருடப் பதிவு இந்தப் பகுதியில் வேறெங்கும் இல்லை என்று துறைத்தலைவர் சேர் சொல்லியிருந்தார். யாருக்கும் முகம் கொடுக்காத மனிதர், அதை மட்டும் போற வாற எல்லோருக்கும் சொல்வார். "இன்னும் இருபத்தாறு நாள்," "இன்னும் இருபத்தஞ்சு நாள்" என்று.

பதிவேட்டில் மை கொட்டினால் முழுப் பக்கத்தையும் திரும்ப எழுதுவார். பிழைத்த பக்கங்கள் ஆய்வுகூட அலுமாரியில் ஒரு கட்டாகக் கிடக்கும். ஒரு பக்கம் வெறுமையான நல்ல தாள். என் துண்டுகளையும் அறிவித்தலையும் அதில்தான் எழுதினேன். அதற்கும் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு இரவு, அந்த வருடம் பிந்திப்போன மாரியின் முதல் பெருமழை அடித்தது. ஓட்டில் விழுந்த சத்தத்தில் அம்மா எழும்பி வாளி வைத்துக்கொண்டு திரிந்தது ஞாபகம் இருக்கிறது. நான் போர்வைக்குள் கிடந்து, என் ரின்களுக்குள் ஒரு சொட்டும் போகாது என்று பெருமைப்பட்டேன். தண்ணீர் உள்ளே போகவில்லைதான். வானிலை நிலைய வேலியோரத்து மண்ணைத்தான் கரைத்துக்கொண்டு போனது. வேலிக்குள் கைவிட்டு மழைமானிக்கு அரை முழம் தள்ளி நான் புதைத்திருந்த ஏழாவது ரின், விடியும்போது கம்பியை ஆட்டிக்கொண்டு வெளியே நின்றது. காலை ரோந்து வந்த சிப்பாய் கண்டான்.

நான் எட்டு மணிக்கு வளாகத்துக்கு வந்தபோது புல்தரையைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள். மாணவர்களைத் தூரத்தில் நிறுத்தியிருந்தார்கள். "குண்டாம், குண்டாம்" என்று ஒரே கதை. நானும் உண்மையாகவே பயந்து, எட்டிப் பார்த்தேன். என் கைப்பட முறுக்கிய கம்பி.

அப்போது சொல்லியிருக்கவேண்டும். 'சேர், அது என்ர ரின்' என்று நாலு சொல். அவ்வளவுதான். சொல்லவில்லை. சுற்றிவரச் சிப்பாய்களின் துவக்குகள். நான் ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றேன்.

எட்டு இருபத்தைந்துக்கு மரியதாஸ் அண்ணை கையில் பதிவேட்டோடும் அளவுச் சாடியோடும் வந்தார். நாடாவைப் பார்த்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். அதிகாரியிடம் நேரே போனார். கொஞ்சம் தமிழ் தெரிந்த அதிகாரி.

"ஐயா, எட்டரைக்கு வாசிக்கவேணும். ரெண்டு நிமிசம் போதும்."

"உள்ள போக ஏலாது. குண்டு."

"குண்டு இருக்கட்டும் ஐயா. நான் அதைத் தொடமாட்டன். மழையை மட்டும் அளந்துபோட்டு வாறன்."

பக்கத்தில் நின்ற பெடியங்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. மூன்றுமுறை கேட்டார் மரியதாஸ் அண்ணை. ராத்திரி பெய்தது இந்த வருடத்தின் பெரிய மழை என்று விளக்கினார். பத்து வருடம் என்றார். இன்னும் இருபத்துமூன்று நாள் என்றார். எட்டு இருபத்தொன்பதுக்கு, ஒன்றும் சரிவராதென்று கண்டு, குனிந்து நாடாவுக்குக் கீழால் நுழைந்தார். இரண்டு சிப்பாய்கள் பாய்ந்து பிடித்தார்கள். ஊரே விலகி ஓடும் பொருளுக்குக் கிட்டப் போக இவ்வளவு அவசரப்படுகிற மனிதன் யார் என்ற சந்தேகம் அவர்களுக்கு வந்தது. வராமலிருந்தால்தான் அதிசயம். அவருடைய கையிலிருந்து சாடி விழுந்து உடைந்தது.

கட்டடங்களைச் சோதித்தவர்கள் அந்த நேரம் பார்த்து விளம்பரப் பலகையிலிருந்து என் அறிவித்தலைக் கொண்டுவந்தார்கள். துறைத்தலைவர் சேரைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் சொல்லச் சொன்னார்கள். சேர் வரிக்கு வரி வெளிறிக்கொண்டே போனார். 'பெரிய ஆச்சரியம் காத்திருக்கிறது' என்ற இடத்தை அதிகாரி இன்னொருமுறை சொல்லச் சொன்னார். மேலே பாகை, கலை. துறைமுகத்தின் அகலக்கோடும் நெடுங்கோடும். அதிகாரி தாளைத் திருப்பினார். மறுபக்கம் முழுக்க வரிசை வரிசையாக எண்கள்.

"இது யார் எழுதினது?" என்று எண்களைக் காட்டிக் கேட்டார்.

"நான்தான் ஐயா," என்றார் மரியதாஸ் அண்ணை.

"இந்தப் பக்கம்?"

மூன்று வருடமாக என் செய்முறைக் கொப்பிகளைத் திருத்தியவர் அவர். என் கோழிக் கிறுக்கலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாத நாள் இல்லை. தாளை வாங்கிப் பார்த்தார். ஒரு வினாடிக்கு மேல் எடுக்கவில்லை. தலையைத் தூக்கிக் கூட்டத்தில் தேடி, வேப்பமரத்தடியில் என்னைக் கண்டார். பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"தெரியாது ஐயா. ஆற்ற கையெழுத்தெண்டு எனக்குத் தெரியாது."

அவரை ஜீப்பில் ஏற்றிப் பொலிசுக்குக் கொண்டுபோனார்கள். நான் மரத்தடியிலேயே நின்றேன். இதை எழுதுவதற்காக எத்தனையோ முறை முயன்று, இந்த இடத்தில் ஒரு பகிடி வைத்துக் கடந்துவிடலாம் என்று பார்த்திருக்கிறேன். கடக்க முடியவில்லை. அந்தக் காலத்தில் ஜீப்பில் ஏறிய எல்லாரும் திரும்பி வரவில்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் அவர் ஏறினார், நான் நின்றேன்.

பத்தரை மணிக்குக் குண்டு அகற்றுபவர்கள் வந்தார்கள். மண்மூட்டை அடுக்கி, எங்களை இன்னும் தூரம் துரத்தி, என் ரின்னை வெடிக்க வைத்தார்கள். ரின்னுக்குள் இருந்ததெல்லாம் ஒரு கொப்பி, ஒரு பென்சில், ஒரு பொட்டலம் எள்ளுருண்டை. வெடித்தது அவர்கள் வைத்த வெடிமருந்து. ஆனால் அரை முழத்தில் நின்ற மழைமானி கிழிந்து வேலியில் தொங்கியது. வெள்ளைக் கூடு ஒரு பக்கம் சரிந்து, வெப்பமானிகள் எல்லாம் பொடியாயின. முதல்நாள் இரவு முழுக்கப் பெய்து மழைமானிக்குள் நிறைந்திருந்த மழை, யாரும் அளக்காமல் புல்லில் ஊறிப்போனது.

வளாகத்தை மூடி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு இருந்த கணிதப் பரீட்சை தள்ளிப்போனதில் புதுமுகங்கள் பூதத்தை வாழ்த்திக்கொண்டு போனார்கள்.

அம்மா தபாற்கந்தோரில் எழுதுவினைஞர். பட்டினத்தில் பதற்றமென்று அன்று வேளைக்கே வந்திருந்தா. சோற்றைப் போட்டுத் தந்தா. பிசைந்துகொண்டே இருந்தேன், இறங்கவில்லை. ஒரு மணியளவில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அடிப்பா என்று நினைத்தேன். அம்மா கையைக் கழுவிவிட்டு வந்தா.

"அந்த மனிசன் எத்தினை மணிக்குப் போனவர்?"

"ஒம்பதரைக்கு."

"இப்ப ஒண்டு. அவருக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் இருக்கினம். நீ இஞ்ச இருந்து சோறு பிசையிறாய். எழும்பு."

"அம்மா, என்னையும் பிடிச்சுப் போடுவாங்கள்."

"பிடிக்கட்டும். நானும் கூட வாறன். எழும்படி!"

அம்மா அந்தச் சேலையோடேயே வெளிக்கிட்டா. துறைத்தலைவர் சேரையும் அவருடைய வீட்டில் போய்க் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனோம். வாசலில் மரியதாஸ் அண்ணையின் மனைவி செபமாலையோடு நின்றா. என்னைக் கண்டதும், "பிள்ளை, நீரும் அவருக்காகச் சொல்ல வந்தனீரோ?" என்று கையைப் பிடித்துக்கொண்டா. அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை. ஞாபகமில்லாதது நல்லதுதான்.

உள்ளே காலையில் கண்ட அதே அதிகாரி. நான் தமிழில் சொல்ல, சேர் சிங்களத்தில் சொன்னார்.

"பூதம் நான்தான் சேர். அது ஒரு விளையாட்டு. பெட்டியை ஒளிக்கிறது. மற்றவை தேடிக் கண்டுபிடிக்கிறது."

"பிறகு?"

"பிறகு, திரும்ப அதே இடத்தில வைக்கிறது."

"வைத்து?"

"வேற ஆரும் வந்து தேடுவினம்."

அதிகாரி சேரின் முகத்தைப் பார்த்தார். மொழிபெயர்ப்புப் பிழை என்று நினைத்திருக்கவேண்டும். "கண்டுபிடித்தால் என்ன கிடைக்கும்?"

"ஒண்டும் கிடையாது சேர். கொப்பியில பேர் எழுதலாம்."

அவர் பேனாவை மேசையில் வைத்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, இவள் படிப்பில் எப்படி என்று கேட்டார். "கெட்டிக்காரி எண்டுதான் சொல்லுறவை," என்றா அம்மா. வாழ்க்கையில் அந்தச் சொல்லை நான் இவ்வளவு அவமானத்தோடு கேட்டதில்லை.

நம்புவதற்கு ஒரு நிபந்தனை. மிச்ச ஆறு ரின்னையும் நானே காட்டவேண்டும். முன்னால் நான், பின்னால் பத்துச் சிப்பாய்கள். சூரியக் கடிகாரம், படிகப்பாறை, புளி, புற்று, அளவைக் கல் என்று ஐந்தும் சரியாக வந்தன. பாலை மரத்தடி ரின்னைக் காணவில்லை. என் தாளை நானே வாசித்து, வடக்கே நாற்பது அடி வைத்தேன், வெறும் நிலம். நான் ஒளித்த பெட்டியை நானே கண்டுபிடிக்க முடியாமல் துவக்குகளுக்கு நடுவில் அழுதேன். நிழல் சாயும்வரை தேடினோம். கடைசியில் ஒரு சிப்பாய் மேலே காட்டினான். பாலையில் ஒரு குரங்கு கம்பியில் பிடித்து ரின்னைக் கிலுக்கிக்கொண்டிருந்தது. அதற்குள் நான் வைத்திருந்தது ரொபி இனிப்பு. சிப்பாய்கள் அன்று முதல்தடவையாகச் சிரித்தார்கள்.

மரியதாஸ் அண்ணையை மாலை ஐந்து மணிக்கு விட்டார்கள். சேட்டுப் பொத்தான் இரண்டு இல்லை. அடித்தார்களா என்று சேர் கேட்டதற்கு, இல்லை என்றார். மனைவி கேட்டதற்கும் அதே குரலில் இல்லை என்றார். நான் முன்னால் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வசனமெல்லாம் தயார்பண்ணி வைத்திருந்தேன். அவர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

"மழைமானி என்னமாதிரி?"

சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, மனைவி கொண்டுவந்திருந்த சைக்கிளை உருட்டிக்கொண்டு அவவோடு நடந்தார்.

அந்த நாளின் மழையையும் மிச்ச நாள்களின் மழையையும் பட்டினத்தில் வேறிடத்தில் கேட்டு எழுதிவிடலாம், யாருக்கும் தெரியாது, பத்து வருடம் முழுமையாகிவிடும் என்று சேர் அடுத்த வாரம் சொல்லிப் பார்த்தார். நான் ஆய்வுகூடத்தில் பக்கத்து மேசையில் இருந்தேன். "பார்க்காத மழையை நான் எழுதமாட்டன் சேர்," என்றார் மரியதாஸ் அண்ணை. சேர் மறுபடி கேட்கவில்லை. புதுக் கருவிகள் வந்து சேர ஐந்து மாதம் ஆனது. அவை வந்த அன்று அவர் புதுப் பதிவேடு திறந்து ஒன்றிலிருந்து தொடங்கினார். ஏழாவது வருடத்தில் கண் மங்கி, வேலையை விட்டுவிட்டு மகளோடு மட்டக்களப்புக்குப் போய்விட்டார். பத்து வருடம் அவருக்குக் கிடைக்கவேயில்லை.

நான் பட்டம் முடிக்கும்வரை அவர் என்னோடு முன்போலவே கோபமாக, முன்போலவே நேர்மையாக இருந்தார். கொப்பி திருத்தினார், கிறுக்கலுக்குத் தலையில் அடித்துக்கொண்டார். அந்த நாளைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒருமுறை பாலையூற்று வீட்டுக்கு விசுக்கோத்துப் பெட்டியோடு போய், "அண்ணை, அண்டைக்கு..." என்று தொடங்கினேன். "விடும் பிள்ளை," என்று வெப்பமானியின் விலை பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார். நானும் விட்டுவிட்டேன். விட்டிருக்கக்கூடாது. அவர் இறந்த செய்தியை நான் மூன்று மாதம் பிந்தித்தான் கேள்விப்பட்டேன்.

எங்கள் வீட்டில் இதெல்லாம் பகிடியாகிவிட்டது. பூட்டின் திறப்பு, கண்ணாடி எது தொலைந்தாலும், "நிர்மலா ஒளிச்சாளோ கேளுங்கோ, இல்லாட்டி ஆமியைக் கூப்பிடுங்கோ," என்பா அம்மா. என் கலியாண வீட்டில் பரிசு மேசையைப் பார்த்து மாமா ஒருவர், "இதில பொம்பிளை சுத்தின பெட்டி இருந்தா அதைத் தள்ளி வையுங்கோ," என்று சபையைச் சிரிக்க வைத்தார்.

போன வருடம் அதற்கு ஒரு புது வாலும் முளைத்தது. தெற்கில் ஒரு பல்கலைக்கழகத்து ஆய்வு மாணவி, கிழக்கின் பழைய மழைப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுகிறாளாம். அவளுடைய மின்னஞ்சலை என் பழைய துறையிலிருந்து எனக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரு பதிவேட்டில் கடைசி நாளின் மழைக்குரிய கட்டம் வெறுமையாக இருக்கிறது, குறிப்புப் பத்தியில் 'அவதானிக்கப்படவில்லை. காரணம்: நிர்மலா' என்று மட்டும் எழுதியிருக்கிறது என்றாள். 'இது அந்த வருடத்துப் புயலின் பெயரா? எந்தப் புயல் பட்டியலிலும் கிடைக்கவில்லை.'

வீட்டில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து கோபமாக வரும் நாள்களில், "நிர்மலா கரையைக் கடக்குது, யன்னலைச் சாத்துங்கோ," என்று மகள் கத்துகிறாள். நானும் அன்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். துவக்குகளுக்கு முன்னால் எனக்காகப் பொய் சொன்ன மனிதர், பதிவேட்டில் மட்டும் பொய் எழுதவில்லை. காரணம் எழுதவேண்டிய பத்தியில் காரணத்தை எழுதியிருக்கிறார்.

அந்தப் பிள்ளைக்கு இப்படிப் பதில் அனுப்பினேன்.

'அது புயல் இல்லை, நான். அன்று மழை பெய்தது, நிறையப் பெய்தது. அளக்கவேண்டியவர் சரியான நேரத்துக்கு வந்து நின்றார். அவரை உள்ளே போகவிடாமல் செய்தவள் நான். அவருடைய பெயர் மரியதாஸ். தயவுசெய்து அந்தக் கட்டத்தில் பூச்சியம் போட்டுவிடாதீர்கள்.'